எலுமிச்சைக்கும் தட்டுக்கும் நடுவே

அவள் வரைகிற மேசையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மேசை முன்பக்கம் சாய்ந்து நிற்கும். அதன் மேல் இருக்கிற தட்டும் பழமும் இந்த நிமிஷம் வழுக்கிக்கொண்டு நம் மடியில் வந்து விழும் என்று தோன்றும், ஆனால் விழாது. மேசை விரிப்பில் கட்டம், கட்டத்துக்குள் பூ, பூவுக்குள் புள்ளி. பின்னால் சுவரிலும் கொடி ஓடும். போதாக்குறைக்கு ஜாடியின் வயிற்றில் மீன் நீந்தும். "கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கக் கூடாதாம்மா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "ஓய்வு வேணும்னா கண்ண மூடிக்கலாமே" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் படங்களைப் பார்த்தவர்கள் அதை மன்னித்துவிடுவார்கள்.

இத்தனை நெரிசலிலும் அவள் விட்டு வைக்கிற இடம் ஒன்று உண்டு. வெறும் துணியில் முதலில் செங்கல் சிவப்பை முழுக்கப் பூசிவிடுவாள். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஜாடி, பழம், தட்டு என்று ஒவ்வொன்றாக நிரப்புவாள். ஒன்றை நிரப்பும்போது பக்கத்தில் இருப்பதோடு அதை ஒட்ட விடமாட்டாள். இரண்டுக்கும் நடுவே அடியில் இருக்கிற சிவப்பு மெல்லியதாக, ஒரு நூல் கனத்துக்குத் தெரியும். அது மேலே இழுத்த கோடு கிடையாது. அடியிலிருந்து எட்டிப் பார்க்கிற நிறம். "ஒவ்வொரு சாமானும் தன் காலுல நிக்கணும். சுத்தி விரல விட்டு அத எடுத்துக்கலாம்னு தோணணும்" என்பாள், கேட்டவர்களிடம்.

வீட்டில் இருந்த மாமனார் மட்டும் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

மாமனார் சுவருக்கு வண்ணம் அடிக்கிற மேஸ்திரி. மூட்டு வலி வந்து ஏணியிலிருந்து இறங்குகிற வரைக்கும் அந்த ஊரின் பாதிக் கட்டடங்கள் அவர் கை பட்டவைதான். வேலையாட்களை அவர் விரட்டுகிற விரட்டு, "ஒரு பொட்டு விடாதே, ஒரு பொட்டு விடாதே" என்பதுதான். அதனால் தொழிலில் அவருக்குப் பெயரே பொட்டு மேஸ்திரி. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்கும் முன்பே கதவு இடுக்கையும் குழாய்க்குப் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். அங்கே அடிக்காமல் விட்டிருந்தால் அந்த வீட்டுக் காபி அவருக்கு இறங்காது.

மருமகளின் படங்களைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் அவள் தூரிகைகளை எடுத்துப்போய்க் கழுவி, மயிரை விரலால் நீவி, வரிசையாகக் காயப் போடுவார். அவர் கழுவின தூரிகை கடையில் வாங்கின அன்று இருந்ததைவிட நன்றாக இருக்கும். மாமாவுக்கு நம் வேலை பிடித்துத்தான் இருக்கிறது, சொல்லத்தான் தெரியவில்லை என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். பாதி சரி.

முதல் தடவையாக அவள் படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடக்கப் போகிறது. அரங்கத்து மேலாளர் அம்மாள் வீட்டுக்கே வந்து பார்த்து, வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற பெரிய சுவருக்கு என்று ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். நீல ஜாடி, இரண்டு கோப்பை, பிளந்த மாதுளை, மஞ்சள் தட்டில் ஓர் எலுமிச்சை. அவள் இதுவரை வரைந்ததிலேயே பெரியது, அவளுக்கே திருப்தி தந்தது. அழைப்பிதழிலும் அதையே அச்சடித்தார்கள்.

வினை அந்த அழைப்பிதழில்தான் வந்தது. அச்சில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு அதில் ஜாடி தெரியவில்லை, மாதுளை தெரியவில்லை. ஒவ்வொன்றைச் சுற்றியும் அடிக்காமல் விட்ட இடம்தான் தெரிந்தது. பொட்டு மேஸ்திரி வீட்டு மருமகள் இப்படி அங்கங்கே விட்டுவிட்டாள் என்று ஊரே பேசப் போகிறது. அட்டையை ஒன்றும் செய்ய முடியாது. படம் இன்னும் வீட்டில்தானே இருக்கிறது?

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் அவள் அரங்கத்துக்குப் போயிருந்தாள். மற்றப் படங்கள் எல்லாம் முன்பே போய்விட்டன. பெரிய படத்துக்கு மட்டும் சாயங்காலம் வண்டி வருவதாக ஏற்பாடு. எந்தப் படம் எங்கே என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு சுவரில் கையை ஊன்றிவிட்டாள். "அம்மா, சுவரத் தொடாதீங்க" என்று அரங்கத்துக் காவலாளி விறைப்பாகச் சொன்னான். "என் படம் மாட்டற சுவருதான்ப்பா" என்றாள். "யாரு படமா இருந்தாலும்" என்றான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

மதியம் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே டர்பன்டைன் வாடை அடித்தது. அவள் காலையில் தூரிகையே எடுக்கவில்லை. ஆனால் ஜன்னல் கட்டையில் கழுவின தூரிகைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மாமனார் சட்டையில் பட்டன் போட்டபடி, முகம் முழுக்கச் சிரிப்பாக எதிரே வந்தார்.

"போய்ப் பாரும்மா" என்றார்.

அறைக்குள் போனாள். படம் இருந்த இடத்தில்தான் இருந்தது. நீலம் நீலமாக, மஞ்சள் மஞ்சளாக எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் எங்கேயோ இடித்தது. ஜாடி சுவரோடு பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்தது. மாதுளை விரிப்புக்குள் அமிழ்ந்து போயிருந்தது. கோப்பை எது, கோப்பைக்குப் பின்னால் இருக்கிற பூ எது என்று தேட வேண்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். சிவப்பைக் காணோம். ஒரு நூல்கூட இல்லை.

"கலர்ல ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" மாமனார் பின்னாலேயே வந்து நின்றார். "தெரியாது. தெரிஞ்சா நான் மேஸ்திரியே இல்ல. நீ கெளம்பினதுல இருந்து உக்காந்து ஒவ்வொரு இடமா பாத்துக் கலந்தேன். இனிமே எவனும் ஒரு குறை சொல்ல முடியாது."

அவள் படத்தை விட்டுத் திரும்பினாள். "ஒரு நிமிஷம் மாமா" என்று வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

அவன் தெருமுனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நீ நல்லா இருக்கணும்னுதான் செஞ்சிருக்காரு. மனசு ஒடஞ்சிடுவாரு. வேற படத்த அங்க மாட்டச் சொல்லிடலாம்."

"அழைப்பிதழ்ல இந்தப் படம் இருக்கு."

"அழைப்பிதழ யாரு அவ்வளவு உத்துப் பாக்கப் போறா?"

"உங்கப்பா பாத்தாரே!"

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முன்னால் வந்தது.

"இங்க பாருங்க. இன்னிக்கு நான் நல்ல மருமகளா வாய மூடிக்கிட்டா, அடுத்த படத்தையும் அவரு ஆசையா நெரப்புவாரு. அப்புறம் அது யாரோட படம்? எனக்கு அவர் மேல மரியாதை இருக்கு. அதனாலதான் நேரா சொல்லப் போறேன். முதுகுக்குப் பின்னாடி சரி பண்ணிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்க என்னால முடியாது."

"என்னவோ பண்ணு. ஆனா மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொல்வதெல்லாம் அவளுக்கு வராது. இருவரும் அறைக்குத் திரும்பியபோது மாமனார் தேநீரோடு வந்து நின்றார். அவள் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மாமா, படம் கெட்டுப்போச்சு."

"எங்க? எந்த இடம்?" என்று அவர் உடனே படத்தருகே போய்க் குனிந்தார்.

"கலர் அச்சு அசலா இருக்கு. என்னாலயே இப்படிக் கலக்க முடியாது. ஆனா அதெல்லாம் நான் அடிக்காம விட்ட இடம் இல்ல மாமா. வேணும்னே வச்ச இடம்."

"வேணும்னேயா?"

"ஆமா. நான் வரையற எல்லாப் படத்துலயும் வப்பேன்."

"எல்லாப் படத்துலயுமா?" அவர் மெதுவாக நிமிர்ந்தார். "நான் என்னமோ... உனக்குப் பொறுமை பத்தலன்னு நெனச்சேம்மா. கைய வச்சா முழுசா முடிக்க மாட்டேங்குதே, வீட்டு வேல இழுக்குது போலன்னு. எப்பவும் அப்படித்தான் நெனச்சேன்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இவ்வளவு காலமாக இந்த மனிதர் அவளை அரைகுறை வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டே, ஒரு வார்த்தை சொல்லாமல் தூரிகை கழுவிக் கொடுத்திருக்கிறார். பாசத்தை நினைத்து உருகுவதா, நினைப்பை நினைத்துக் கொதிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அப்போது நேரமும் இல்லை.

"நானே எடுத்துடறேன். பூசின கைதானே" என்று அவர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தார்.

"நீங்க தொடாதீங்க மாமா."

அவள் நினைத்ததைவிட அழுத்தமாக அது வந்து விழுந்தது. வண்ணத்தைத் தொடாதே என்று அவரிடம் சொன்னவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது. கணவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தான். மாமனார் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

எண்ணெய் வண்ணம் சீக்கிரத்தில் காயாது. அவள் பூசினது காய்ந்து பல வாரம் ஆகிவிட்டது, மாமனார் பூசினது இன்னும் ஈரமாக இருந்தது. ஆக மேலே இருப்பதை மட்டும் துடைத்து எடுக்க வழி உண்டு. கணவன் கடைக்கு ஓடி, காது குடைகிற பஞ்சுக் குச்சிகளைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு வந்தான். அவள் ஒன்றை டர்பன்டைனில் லேசாகத் தொட்டு, விரிப்பின் ஓரத்தில் ஒரு மூலையில் வைத்து இழுத்தாள். மேல் பூச்சு பஞ்சோடு வந்தது. அடியில் சிவப்பு பளிச்சென்று கண் திறந்தது.

போன உயிர் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. மேஸ்திரியின் கைவேலை லேசுப்பட்டதா? எங்கே பூசினார், எங்கே பூசவில்லை என்று கிட்டத்தில் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கட்டம், பூ, புள்ளி என்று அவளே போட்டு வைத்த நெரிசல் வேறு. தன் படத்திலேயே அவளுக்கு வழி தவறியது. வண்டி வருவதற்குள் குருட்டாம்போக்கில் இதை முடிக்க முடியாது. அவள் குச்சியோடு திரும்பினாள். மாமனார் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மாமா, எங்கெங்க பூசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லாம?" என்றார் அவர், கொஞ்சம் ரோஷமாக.

கணவன் கதவோரமே ஒரு முக்காலியைப் போட்டான். அவர் உட்கார்ந்தார். முதலில் போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்கிற மாதிரி சுருக்கமாகத்தான் சொன்னார். "ஜாடி கழுத்து. எடது பக்கம். கீழ வரைக்கும்." அவள் துடைத்தாள். "மாதுளைக்கு மேல, அந்தக் கொடி எல." துடைத்தாள். கணவன் வண்ணம் ஏறிய குச்சிகளை வாங்கிப் புதிது கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஜாடியின் பிடி முடிந்து வளைவு முழுக்கச் சிவப்பு தெரிந்தபோது, முக்காலியிலிருந்து "அட" என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. ஜாடி முன்னால வந்துடுச்சு."

அவள் திரும்பவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த குச்சியை வாங்கினாள். அதன் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "இந்தப் பக்கக் கோப்ப இன்னும் அமுங்கியே கெடக்கு, அத விடாத." "கைப்பிடிக்கு உள்ள, உள்ள, ஆங்." "மேல பொறுமையா, கொடி நெளியற எடத்துல மெலிசா பூசியிருக்கேன்." தான் மூடினதை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார் பொட்டு மேஸ்திரி. "ஒரு பொட்டு விடாத" என்று பழக்க தோஷத்தில் ஒருமுறை சொல்லியும் விட்டார். கணவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் மூன்று பேருமே சிரித்தார்கள்.

வண்டிக்காரர் வந்து மணி அடித்தபோது அவள் எலுமிச்சையின் மேல் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா மாமா?"

அவர் படத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. வாசலில் நுழைந்தவர்களுக்கு எதிர்ச் சுவரில் இருந்த படம்தான் முதலில் கண்ணில் பட்டது. நுழைந்த இடத்திலேயே ஆட்கள் நின்றுவிட்டதால் பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டார்கள். மேலாளர் அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரைந்தவள் எல்லாருக்கும் நடுவே நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் வேலை நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை மறைக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோடு பெரிய படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வந்தார். நெடுநெடுவென்று உயரம், அதனால் தொழிலில் ஏணி என்று பெயர். ஏணி படத்தின் மேல் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, மாமனாரின் காதில் கிசுகிசுத்தார். அவருக்குக் கிசுகிசுப்பே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"மேஸ்திரி, மருமக நல்லாத்தான் போட்டிருக்கு. ஆனா அங்கங்க விட்டுடுச்சே. நீ பாக்கலியா?"

அவளுக்குக் காது அங்கேயே போயிற்று. கணவனுக்கும்தான்.

"விட்டது இல்லடா, வச்சது" என்றார் மாமனார். "மூக்க வச்சு மோந்து பாக்கறதுக்கா மாட்டியிருக்கு? இப்படித் தள்ளி வா. இங்க நில்லு. இப்பப் பாரு."

ஏணி தள்ளி வந்து நின்று பார்த்தார். பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. மாமனார் அவரை அங்கேயே விட்டுவிட்டு அவளிடம் வந்தார். வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நேத்து ஒரு எடத்த மட்டும் நான் சொல்லல."

"எந்த இடம்?"

"எலுமிச்ச தட்டுல உக்காந்திருக்குல்ல, அந்த அடிப்பக்கம். அது அந்தரத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. உக்கார வச்சா நல்லா இருக்கும்னு எனக்குப் பட்டுச்சு. அதான் வாயத் தொறக்கல. தப்புன்னா தப்புன்னு சொல்லு."

அவள் படத்துக்கு எதிரே போய் நின்றாள். அவர் சொன்னது சரிதான், எலுமிச்சையின் அடியில் மட்டும் சிவப்பு இல்லை. இவ்வளவு நேரம் அது அவள் கண்ணிலேயே படவில்லை. இனி யார் கண்ணிலும் படப் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிடலாம். அவருக்கும் மனசு நிறையும், மாமனார் கை பட்ட ஓர் இடம் படத்தில் இருக்கிறது என்று அவளும் நினைத்துக்கொள்ளலாம். கணவன் கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினான்.

அவள் தன்னுடைய தவறைப் பார்க்கிற கண்ணோடு அந்த எலுமிச்சையைப் பார்த்தாள். உட்காரத்தான் செய்தது. உட்கார்ந்து, தட்டோடு தட்டாக ஆகியிருந்தது. தட்டில் அடித்த மஞ்சள் பூ என்று சொன்னாலும் நம்பலாம்.

"தப்பு மாமா" என்றாள்.

கைக்குட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். வண்ணம் இன்னும் காயவில்லை. எலுமிச்சையின் அடியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சுற்றி நின்றவர்கள் திடுக்கிட்டு விலகினார்கள். மூலையிலிருந்து காவலாளி பாய்ந்து வந்தான்.

"அம்மா! படத்தத் தொடக் கூடாது!"

"சத்தம் போடாதப்பா. வேல நடக்குதுல்ல?" என்றார் மாமனார், கட்டடங்களில் வேலையாட்களை விரட்டின அதே குரலில். காவலாளி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

அவள் கையை எடுத்தாள். எலுமிச்சைக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிசாகச் சிவப்பு ஓடியது. மாமனார் தள்ளிப் போய் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அவள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. ஆனாலும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை தானாகவே எழுந்தது. கட்டை விரலும் இரண்டு விரல்களும் ஓர் எலுமிச்சை அளவுக்குக் குவிந்தன.

"ஆமாம்மா" என்றார். "இப்ப எடுத்துக்கலாம்."